சாயம் தேங்கும் இடம்: அளவுமீறிய மருந்தால் தளர்ந்த இதயத்தை அவசர சி.டி. படத்தில் அறிதல்

நினைவிழந்த நிலையில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும் ஒருவர் என்ன உட்கொண்டார் என்பது முதல் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் தெரிவதில்லை. உடன் வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தாலும் சொல்லத் தயங்குவார்கள். இரத்த அழுத்தம் விழுந்திருக்கிறது, மூச்சு திணறுகிறது, தோல் சில்லிட்டிருக்கிறது. தலைக்குள் இரத்தக் கசிவா, நுரையீரல் தமனியில் உறைகட்டியா, பெருந்தமனியின் சுவர் கிழிந்துவிட்டதா என்று சந்தேகங்கள் அடுக்கடுக்காய் எழ, நோயாளியை சி.டி. அறைக்கு அனுப்புகிறார்கள். மூன்று கேள்விக்கும் 'இல்லை' என்ற பதிலோடு அறிக்கை திரும்புகிறது. ஆனால் அதே படங்களில், இதயம் இரத்தத்தைத் தள்ளவில்லை என்ற செய்தி தெளிவாகப் பதிந்திருக்கலாம். அதைத் தேடும்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்தக் கட்டுரை அந்தச் செய்தியைப் பற்றியது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எந்த மருந்து உள்ளே போயிற்று என்பதை சி.டி. படம் ஏறத்தாழ ஒருபோதும் காட்டாது. அது காட்டக்கூடியவை இரண்டு: இதயம் இந்த நிமிடத்தில் எவ்வளவு மோசமாக வேலை செய்கிறது என்பது ஒன்று, அதற்கு வழக்கமான காரணங்கள் எவையும் இல்லை என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் சேர்த்து வைக்கும்போதுதான், "நஞ்சாக இருக்குமோ" என்ற கேள்வி மேசைக்கு வருகிறது. அந்தக் கேள்வி ஒரு மணி நேரம் முன்னதாக எழுவதற்கும் பின்னால் எழுவதற்கும் உள்ள வேறுபாடு, மருந்து நஞ்சைப் பொறுத்தவரை, உயிரைக் காப்பதற்கும் இழப்பதற்கும் உள்ள வேறுபாடாகிவிடலாம்.

சிரையில் செலுத்திய பொருள் உடலில் எங்கே, எப்போது போய்ச் சேர்கிறது என்பதைக் கொண்டு இதயத்தின் வலுவை அளக்கும் எண்ணம் புதிதல்ல. 1920-களின் நடுவில் பாஸ்டனில் ஹெர்மன் புளூம்கார்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் ரேடியத்திலிருந்து கிடைத்த கதிரியக்கப் பொருளை ஒரு கையின் சிரையில் செலுத்தி, மறு கைக்கு அது வந்துசேரும் நேரத்தைக் கருவியால் கணித்தார்கள். நலமாக இருப்பவர்களுக்குச் சராசரியாக 18 விநாடி ஆயிற்று. இதயம் தளர்ந்தவர்களுக்கு அந்த நேரம் நீண்டது. 1930-களில் இதற்கு எளிய வழி ஒன்று வந்தது. டெக்கோலின் என்ற கசப்பான மருந்தைக் கைச் சிரையில் செலுத்துவார்கள்; நாக்கில் கசப்பு தெரிந்த கணத்தில் நோயாளி சொல்ல வேண்டும். பத்துப் பதினைந்து விநாடியில் கசந்தால் நலம். அதைவிட வெகுநேரம் ஆனால் இதயம் சோர்ந்திருக்கிறது என்று பொருள். எக்கோ பரிசோதனை பரவிய பிறகு இந்தக் கசப்புச் சோதனை வழக்கொழிந்தது. ஆனால் கான்ட்ராஸ்ட் சாயம் ஏற்றி எடுக்கும் ஒவ்வொரு சி.டி.யிலும் அதே சோதனை இன்றும் நடக்கிறது என்பதே என் கருத்து. நாக்குக்குப் பதில் படக்கருவி. கசப்புக்குப் பதில் அயோடின். வேறுபாடு ஒன்றுதான்: இன்று அந்த நேரத்தை யாரும் குறித்து வைப்பதில்லை.

சாயம் எப்படிப் பயணிக்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் எல்லா அறிகுறிகளும் இதிலிருந்தே பிறக்கின்றன. முழங்கை மடிப்பில் உள்ள சிரை வழியாக, விசைப்பம்பு விநாடிக்கு 3 முதல் 5 மி.லி. வேகத்தில் சாயத்தைச் செலுத்துகிறது. அது மேற்பெருஞ்சிரை வழியாக இதயத்தின் வலது மேலறைக்கும், அங்கிருந்து வலது கீழறைக்கும், நுரையீரல் தமனிக்கும் போகிறது. நுரையீரலைக் கடந்து இடப்புறம் வந்து, பெருந்தமனியில் நுழைகிறது. நலமான இதயத்தில் ஊசி தொடங்கிய பத்து விநாடியை ஒட்டி நுரையீரல் தமனி ஒளிரும். பதினைந்து, இருபது விநாடியில் பெருந்தமனி ஒளிரும். ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகோலில் தண்ணீர் 0. சாயம் கலவாத இரத்தம் ஏறத்தாழ 40. சாயம் நிறைந்த தமனி 300-ஐத் தாண்டும்.

படம் எடுக்கும் கணத்தை இயந்திரமே தேர்ந்தெடுக்கும் வகையில் ஓர் ஏற்பாடு உண்டு. பெருந்தமனியிலோ நுரையீரல் தமனியிலோ சிறு வட்டம் ஒன்றைக் குறித்துவிட்டு, விநாடிக்கு ஒன்று என்ற அளவில் குறைந்த கதிர்வீச்சில் படங்கள் எடுக்கப்படுகின்றன. அந்த வட்டத்துக்குள் ஒளிர்வு 100 அல்லது 150 அலகைத் தொட்டதும் முழு ஸ்கேன் தொடங்கும். நாடி தளர்ந்த நோயாளியில் இந்த எண் ஏறவே ஏறாது. பத்து விநாடி, இருபது விநாடி, முப்பது விநாடி போகும்; வட்டம் கறுப்பாகவே இருக்கும். காத்திருந்து பார்த்த டெக்னீஷியன் கடைசியில் தானே பொத்தானை அழுத்துவார். ஆகவே இதயச் செயலிழப்பை முதலில் கண்ணால் பார்ப்பவர் கதிரியல் மருத்துவர் அல்லர், அந்த டெக்னீஷியன்தான். "சாயம் ஏறவில்லை, நானே அழுத்தினேன்" என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியத்தின் மதிப்பு மிகப் பெரிது. அதைச் சொல்வதற்கு அவருக்கு உரிமையும் பழக்கமும் இருக்க வேண்டும். பல மருத்துவமனைகளில் அந்தக் கண்காணிப்புப் படங்கள் முழு ஸ்கேனுடன் சேர்த்துச் சேமிக்கப்படுகின்றன. ஆனால் அவற்றைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. குழப்பமான நோயாளியின் படத்தைப் படிக்கும்போது முதலில் திறக்க வேண்டியது அந்தத் தொகுப்பைத்தான்.

தளர்ச்சி மிதமாக இருக்கும்போது என்ன நடக்கும் என்பதைப் பன்றிகளில் செய்த ஆய்வு ஒன்று அழகாகக் காட்டியது. கியோங்டே பே தலைமையிலான குழு 1998-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தின் அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். சாயம் பெருந்தமனிக்கு வரும் நேரம் அதற்கேற்பத் தள்ளிப்போனது. வந்த பிறகோ, கழுவிச் செல்ல இரத்தம் போதாமையால், ஒளிர்வு கூடுதலாகவும் நெடுநேரமும் நின்றது. ஆகவே பெருந்தமனி நன்றாக ஒளிர்ந்திருப்பதைக் கண்டு இதயம் நலம் என்று முடிவு செய்ய முடியாது. கேட்க வேண்டிய கேள்வி, எத்தனையாவது விநாடியில் ஒளிர்ந்தது என்பது.

தளர்ச்சி முற்றும்போது காட்சி வேறு. முன்னே போக வழியில்லாத சாயம் பின்னே திரும்புகிறது. வலது மேலறையிலிருந்து கீழ்ப்பெருஞ்சிரைக்குள் இறங்கி, கல்லீரல் சிரைகளுக்குள் கிளை கிளையாகப் பரவுகிறது. இன்னும் மோசமான நிலையில் சிறுநீரகச் சிரைகள் வரையிலும் போகும். அதற்கும் அடுத்த கட்டம்தான் எல்லாவற்றிலும் அச்சமூட்டுவது. அயோடின் சாயம் இரத்தத்தைவிடக் கனமானது. அதன் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.3 மடங்குக்கும் மேல், இரத்தத்தினுடையதோ 1.06. ஓடும் இரத்தத்தில் இந்த வேறுபாடு தெரியாது, ஏனெனில் ஓட்டமே இரண்டையும் கலக்கிவிடும். ஓட்டம் நின்றால், கலக்காமல் விட்ட டம்ளரின் அடியில் சர்க்கரைப்பாகு தங்குவதுபோல், சாயம் கீழே படிந்துவிடும். மல்லாந்து படுத்திருக்கும் நோயாளியின் கீழ்ப்பெருஞ்சிரையில் முதுகுப்பக்கம் வெள்ளை, வயிற்றுப்பக்கம் சாம்பல், நடுவே கோடு போட்டாற்போல் ஒரு மட்டம். கல்லீரலின் வலப்புறத்தில் பின்பகுதி மட்டும் அளவுக்கு மீறி வெளுத்திருக்கும். இடது கீழறையிலும் பெருந்தமனியிலும் சாயத்தின் சுவடே இராது. இந்த மட்டக்கோடு தெரிந்தால் இதயம் நின்றுவிட்டது, அல்லது நிற்கப்போகிறது என்று கொள்ள வேண்டும். மருத்துவ இதழ்களில் வந்துள்ள இத்தகைய நோயாளிகளில் பலர் ஸ்கேன் மேசையிலோ அதற்குப் பின் சிறிது நேரத்திலோ இதயத்துடிப்பு நின்றவர்கள். இந்தப் படத்தைப் பார்த்த மருத்துவர் நாற்காலியில் உட்கார்ந்து அறிக்கையைத் தட்டச்சு செய்து கொண்டிருக்கக் கூடாது. எழுந்து, நோயாளி இன்னும் மேசையில் இருக்கிறாரா என்று பார்த்து, நாடியைத் தொடச் சொல்ல வேண்டும்.

இத்தகைய படங்கள் பெரும்பாலும் எப்படி அறிக்கையாகின்றன என்பதுதான் வருத்தத்துக்குரியது. நுரையீரல் தமனி உறைகட்டிக்காக எடுத்த ஸ்கேனில் அந்தத் தமனியே ஒளிரவில்லை என்றால், "சாயம் போதவில்லை, தொழில்நுட்பக் குறைபாடு, மீண்டும் எடுக்கவும்" என்று எழுதிவிடுவது கைப்பழக்கம். மீண்டும் எடுத்தால் மீண்டும் அதே காட்சி, இரண்டு மடங்கு சாயம், இழந்த இருபது நிமிடம். தொழில்நுட்பக் குறைபாடு உண்மையிலேயே நேர்வதுண்டு: ஊசி சிரையைவிட்டு விலகிக் கையிலேயே சாயம் இறங்கியிருக்கலாம், நோயாளி ஆழமாக மூச்சிழுத்ததால் கீழிருந்து சாயமற்ற இரத்தம் பாய்ந்து நுரையீரல் தமனியை நீர்க்கச் செய்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறிவது கடினமன்று. கையில் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தால் முதலாவது தெளியும். இரண்டாவதில் கீழ்ப்பெருஞ்சிரை கறுப்பாக இருக்கும். இதயம் தளர்ந்தவரில் அது வெளுத்துப் புடைத்திருக்கும். சாயம் போய்ச் சேர வேண்டிய இடத்தில் இல்லையென்றால், அது எங்கே நிற்கிறது என்று தேடியே ஆக வேண்டும்.

எதிர்த்திசை எச்சரிக்கையும் தேவை. கல்லீரல் சிரையில் சாயம் தெரிந்த உடனே இதயச் செயலிழப்பு என்று அலறுவதும் தவறு. விசைப்பம்பின் வேகம் விநாடிக்கு 3 மி.லி.யைத் தாண்டினால், நலமான இதயத்திலும் சிறிதளவு சாயம் கீழே பின்வாங்கும். இன்றைய அவசர ஸ்கேன்கள் ஏறத்தாழ எல்லாமே அந்த வேகத்தில்தான் எடுக்கப்படுகின்றன. மூவிதழ் வால்வு கசிபவர்களிலும், நுரையீரல் தமனி அழுத்தம் நாட்பட உயர்ந்தவர்களிலும் இது வாடிக்கையான காட்சி. ஆகவே பின்வாங்கிய சாயம் தனியாக நின்றால் அது குறிப்பு மட்டுமே. பின்வாங்கலோடு இடப்பக்கம் வெறுமையாக இருப்பதும், வருகை தாமதமானதும், மட்டக்கோடு தெரிவதும் ஒன்றுசேர்ந்தால் அது சான்று.

இதயம் தள்ளவில்லை என்று உறுதியானபின் 'ஏன்' என்ற கேள்வி. இங்கேதான் சி.டி. தன் பெரிய உதவியைச் செய்கிறது: மற்றவற்றை விலக்குகிறது. நுரையீரல் தமனியின் தண்டுப் பகுதியில் உறைகட்டி அடைத்திருந்தால், வலது கீழறை இடதைவிடப் பெருத்து, நடுச்சுவர் இடப்புறம் வளைந்திருக்கும். இதய உறைக்குள் நீரோ இரத்தமோ நிறைந்து நெரித்தால் அது நேரடியாகத் தெரியும். மார்புக்குள் காற்று அடைத்து இதயத்தை ஒதுக்கியிருந்தால் அதுவும் தெரியும். மாரடைப்பு என்றால், ஈ.சி.ஜி.யோடு ஒருங்கிணைக்காத சாதாரண ஸ்கேனிலும்கூட, சாயம் இதயத் தசையை எட்டியிருக்கும் பட்சத்தில், ஒரு கரோனரித் தமனியின் எல்லைக்குட்பட்ட பகுதி மட்டும் உட்புறமாகக் கறுத்துத் தெரியக்கூடும். கரோனரிகளில் சுண்ணப் படிவும் இருக்கும். நஞ்சால் தளர்ந்த இதயத்தில் இவை எவையும் இரா. இரு கீழறைகளும் ஒருங்கே சோர்ந்திருக்கும். தசையில் எல்லை வகுத்த கறுப்பு இராது. வயது இளமையாக இருந்தால் கரோனரிகள் சுத்தமாக இருக்கும். இதயம் பெருத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஏனெனில் அறைகள் விரிய நாள்கள் வேண்டும். மருந்துக்கோ மணிகளே போதும். பெருக்காத இதயம், அடைப்பற்ற தமனிகள், நகராத சாயம்: இந்த மூன்றும் இளம் வயதினரிடம் சேர்ந்து தெரிந்தால் நஞ்சை நினைக்காமல் இருப்பது பிழை என்றே சொல்வேன்.

எல்லா மருந்தும் இதயத்தை ஒரே விதமாகத் தாக்குவதில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே படத்தை எதிர்பார்க்கவும் கூடாது. நேராகப் பம்பைத் தாக்குபவை வெராபமில், டில்டியாசெம் ஆகிய கால்சியம் வழித்தடுப்பான்களும், புரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பான்களும். இதயத் தசை சுருங்கக் கால்சியம் செல்லுக்குள் வர வேண்டும். முதல் வகை அந்த வாசலையே அடைக்கிறது, இரண்டாவது அந்த வாசலைத் திறக்கச் சொல்லும் ஆணையைத் தடுக்கிறது. மேலே சொன்ன தேங்கல் காட்சிக்கு இவை இலக்கணம். கால்சியம் வழித்தடுப்பான் குடும்பத்தையே சேர்ந்த அம்லோடிபின் முதன்மையாக இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. அழுத்தம் விழும், ஆனால் இதயம் தொடக்கத்தில் வேகமாகவே ஓடும். அப்படிப்பட்டவரில் சாயம் தாமதிக்காது, சிரைகளும் புடைத்திராது. இந்த வேறுபாட்டைப் படத்தில் பார்க்க முடிந்தால் அது சிகிச்சைக்கே உதவும், ஏனெனில் ஒருவருக்குத் தேவை பம்புக்கு வலு, மற்றவருக்குத் தேவை குழாய்களை இறுக்கும் மருந்து. பெரிய அளவில் உட்கொண்டவர்களில் அம்லோடிபினும் பம்பைத் தளர்த்தும் என்பதால் இந்தக் கோடு கறாரானது அன்று.

மனச்சோர்வுக்குத் தரும் பழைய டிரைசைக்ளிக் மருந்துகள் இதயத்தின் சோடியம் வழிகளை அடைக்கின்றன. இங்கே ஈ.சி.ஜி.தான் அரசன். 1985-இல் போனர்ட்டும் லவ்ஜாயும் காட்டியபடி, கியூ.ஆர்.எஸ். அலையின் அகலம் 100 மில்லிவிநாடியை எட்டினால் வலிப்பும், 160-ஐ எட்டினால் கீழறைத் துடிப்புக் கோளாறும் எதிர்பார்க்க வேண்டியவை. ஒரு காகிதத் துண்டு சொல்லிவிடுவதை சி.டி.யில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. புப்ரோப்பியான், குளோரோகுயின் ஆகியவற்றுக்கும் ஏறத்தாழ இதே. டிகாக்சின் வகை நஞ்சு பம்பைவிடத் தாளத்தைத்தான் குலைக்கிறது. இலங்கையில் மஞ்சள் அரளி நஞ்சால் பாதிக்கப்பட்டவர்களிடம் டிகாக்சின் எதிர்ப்புப் புரதத் துணுக்குகளைச் சோதித்து 2000-இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வும் தாளக் கோளாறு மாறுவதையே அளவுகோலாகக் கொண்டது. கொக்கெய்ன், மெத்தாம்பெட்டமின் இரண்டும் வேறு வழியில் வருகின்றன: கரோனரிச் சுருக்கம், பெருந்தமனிக் கிழிசல், மன அதிர்ச்சியில் நேர்வதுபோல் இதயத்தின் நுனி பலூனாக விரியும் டகோட்சுபோ நிலை. 1990-இல் ஜப்பானில் விவரிக்கப்பட்ட இந்த நிலையில், அடிப்பகுதி குறுகி நுனி விரிந்த வடிவம் சில வேளைகளில் சாதாரண ஸ்கேனிலும் கண்ணில் படும். நாட்பட்ட மெத்தாம்பெட்டமின் பழக்கம் இதயத்தையே பெருக்கச் செய்துவிடும். அப்போது பெருத்த இதயத்தைப் பார்த்து "பழைய நோய்" என்று ஒதுக்கிவிடும் ஆபத்து உண்டு.

நுரையீரலைப் படிப்பது இந்த விஷயத்தில் மிகச் சிக்கலான பகுதி. இதயத் தளர்ச்சியால் தேங்கும் நீர் தனக்கென்று ஒழுங்கு உடையது: நுரையீரலின் சிறுமடல்களைப் பிரிக்கும் மெல்லிய சுவர்கள் வழுவழுப்பாகத் தடிக்கும், மூச்சுக்குழல்களைச் சுற்றி நீர் உறைபோல் சூழும், நடுப்பகுதியில் பனிமூட்டம் படரும், இருபுறமும் நுரையீரல் உறைக்குள் நீர் சேரும். ஓபியம் வகை மருந்துகள் உண்டாக்கும் நீர்த்தேக்கத்துக்கு இதயம் காரணமே அன்று. வில்லியம் ஆஸ்லர் 1880-இல் மாண்ட்ரியலில் மார்ஃபின் நஞ்சுற்றவரின் உடற்கூறு ஆய்வில் நுரையீரல் நீர்த்தேக்கத்தைப் பதிவு செய்தார். அதற்குப் பிறகு ஹெராயினும் மெத்தடோனும் அதே காட்சியைத் தந்தன. நுண்குழாய்ச் சுவர்களே கசிவதால் வரும் இந்த நீரில் தடித்த சுவர்களும் உறைநீரும் குறைவு. திட்டுத் திட்டான மூட்டமே மிகுதி. நோயாளி பிழைத்தால் ஓரிரு நாளில் மறைந்தும் விடும். ஆஸ்பிரின் நஞ்சும் இவ்வாறே கசியச் செய்கிறது. இவற்றோடு, நினைவிழந்தவர் தன் வாந்தியையே உள்ளிழுத்திருந்தால் முதுகுப்புறக் கீழ்ப்பகுதிகளில் அடர்ந்த திட்டுகள் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் கால்சியம் வழித்தடுப்பான்கள் இந்த ஒழுங்கைக் குழப்புகின்றன. பம்பும் தளர்கிறது, நுண்குழாயின் முன்வாசலும் தளர்ந்து கசிவும் நேர்கிறது. இரண்டு விதமான நீரும் ஒரே நுரையீரலில். போதாதற்கு, சி.டி.க்கு வருமுன்பே அழுத்தத்தை உயர்த்த இரண்டு மூன்று லிட்டர் சலைன் ஏற்றியிருப்பார்கள். அந்த நீரும் சிரைகளைப் புடைக்கச் செய்து, கல்லீரலுக்குள் வாயிற்சிரைக் கிளைகளைச் சுற்றி வளையம் போடும். எவ்வளவு சலைன் ஏறியது என்று தெரியாமல் நுரையீரல் நீரை விளக்க முற்படுவது இருட்டில் அம்பு விடுவதுதான். அதனால் நுரையீரலைவிடச் சாயத்தின் பயணத்தையே நான் அதிகம் நம்புகிறேன். நீர் பல காரணங்களால் சேரும். சாயம் இடப்பக்கம் போகாமல் நிற்பதற்குக் காரணங்கள் சிலவே.

வயிற்றுப் பகுதியில் ஒரு திருப்பமான வேறுபாடு கிடைக்கிறது. இரத்த இழப்பால் அதிர்ச்சிக்குள்ளானவர்களில் தெரியும் காட்சித்தொகுப்பை 1987-இல் விபத்தில் அடிபட்ட குழந்தைகளிடம் விவரித்தார்கள். இன்று அறியப்படும் அதன் வடிவம்: குடற்சுவர் தடித்து மிகையாக ஒளிரும், அட்ரீனல் சுரப்பிகள் பளிச்சிடும், பெருந்தமனி சுருங்கும், கீழ்ப்பெருஞ்சிரை நசுங்கிய நாடாவாகத் தட்டையாகும். இதயம் தளர்ந்த அதிர்ச்சியிலும் குடலும் சிறுநீரகமும் பட்டினி கிடக்கும் அடையாளங்கள் இருக்கும். சிரை மட்டும் தட்டையாகாது, உருண்டு புடைத்திருக்கும். அதிர்ச்சிக்குக் காரணம் இரத்தம் குறைந்ததா, தள்ளுபவர் களைத்ததா என்பதை அந்த ஒரு குழாயின் வடிவமே பெரும்பாலும் சொல்லிவிடும். இரத்த இழப்பு என்று நம்பி லிட்டர் லிட்டராகச் சலைன் ஏற்றிக்கொண்டிருக்கும் கையை நிறுத்தவும் அதுவே போதும்.

இரைப்பையைப் பார்க்க மறக்கலாகாது. மாத்திரைகள், குறிப்பாக மெதுவாகக் கரையும்படி செய்தவையும், குடலில் மட்டும் கரையும் உறையிட்டவையும், இரும்புச் சத்து மாத்திரைகளும், அடர்ந்த புள்ளிகளாகத் தெரிவதுண்டு. எலும்பைப் பார்க்கப் பயன்படுத்தும் ஒளியமைப்புக்கு மாற்றிப் பார்த்தால் உணவுத் துகள்களிலிருந்து அவை பிரிந்து தெரியும். மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி இரைப்பையிலேயே தங்கிவிடும் நிலை வெராபமில் போன்ற மெதுமாத்திரைகளில் அறியப்பட்டது. அந்தக் கட்டி கரையக் கரைய, நோயாளி தேறுவதுபோல் தோன்றி மறுபடியும் சரிவார். அதை எடுக்கலாமா, குடலைக் கழுவலாமா என்ற முடிவுக்கு சி.டி. நேரடியாக உதவும் இடம் இது. மறுபக்கம், மாத்திரை தெரியவில்லை என்பதால் உட்கொள்ளவில்லை என்று ஆகாது. பெரும்பாலான மாத்திரைகள் கரைந்தபின் எந்தச் சுவடும் விடுவதில்லை. வயிற்றுக்குள் கொக்கெய்ன் பொட்டலங்களைக் கடத்துபவர்களிடம் மட்டும் சி.டி. ஏறத்தாழ ஐயத்துக்கு இடமின்றிப் பேசுகிறது.

இவ்வளவு நுணுக்கமாகத் தேடுவதற்குக் காரணம் உண்டு. மாரடைப்பில் இறந்த தசை திரும்பாது. மருந்தால் தளர்ந்த தசை செத்ததில்லை, வாயடைக்கப்பட்டிருக்கிறது. மருந்து உடலைவிட்டு வெளியேறும்வரை மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் போகும்படி பார்த்துக்கொண்டால், அந்த இதயம் பழைய வலுவுக்கே திரும்பக்கூடியது. அதற்கான வழிகளும் வழக்கமான இதயச் செயலிழப்புச் சிகிச்சையிலிருந்து மாறுபட்டவை. பீட்டா தடுப்பான், கால்சியம் வழித்தடுப்பான் இரண்டுக்கும் உயர் அளவு இன்சுலினை அமெரிக்க இதயச் சங்கம் தன் 2023 நெறிமுறையில் உறுதியாகப் பரிந்துரைத்தது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 1 யூனிட்டில் தொடங்கித் தேவைப்பட்டால் 10 வரை உயர்த்துவார்கள். நீரிழிவின் கீட்டோ அமில நிலைக்குத் தருவதைவிட இது தொடக்கத்திலேயே பத்து மடங்கு. சர்க்கரையும் பொட்டாசியமும் இறங்காமல் கூடவே காக்க வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் இதயம் குளுக்கோஸை எரிபொருளாகத் தேடுகிறது. கால்சியம் வழித்தடுப்பானோ கணையம் இன்சுலின் சுரப்பதையும் தடுத்திருக்கிறது. அதனால்தான் அந்த நஞ்சில் இரத்தச் சர்க்கரை உயர்ந்திருக்கும். காரணம் தெரியாத தளர்ச்சியோடு நீரிழிவு இல்லாதவரிடம் உயர்ந்த சர்க்கரை இருந்தால், அது சி.டி. சொன்னதை உறுதி செய்யும் சாட்சி. கால்சியம், குளூக்ககான், குழாயிறுக்க மருந்துகள் ஆகியவையும் பயன்படுகின்றன. எதற்கும் மசியாதவர்களுக்கு எக்மோ இயந்திரம்: சில நாள்கள் இதயத்தின் வேலையை அது செய்யும். கொழுப்புக் குழம்பு ஏற்றுவது பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. இந்த இரண்டு மருந்து வகைகளுக்கும் வாடிக்கையாக அதைத் தருவதை அதே நெறிமுறை ஏற்கவில்லை. எக்மோ வசதி உள்ள மருத்துவமனைக்கு நோயாளியை மாற்ற மணிக்கணக்கில் ஆகலாம். அந்த ஏற்பாடு எப்போது தொடங்கும் என்பது, நஞ்சு என்ற சொல் எப்போது உச்சரிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது.

இதயத்தைப் பார்க்க சி.டி.தான் வழி என்று யாரும் புரிந்துகொள்ளலாகாது. நிலைகுலைந்தவரைக் குறுகிய அறைக்குத் தள்ளிச்சென்று படுக்க வைப்பதே ஆபத்து. படுக்கையருகே எக்கோ வைத்தால் இடது கீழறை சுருங்குகிறதா இல்லையா என்பது இரண்டு நிமிடத்தில் தெரியும். கதிர்வீச்சு இல்லை, சாயம் இல்லை. ஈ.சி.ஜி.யும் இரத்தச் சர்க்கரையும் எக்கோவும் பார்த்த பிறகே சி.டி.க்கு அனுப்புவது என்ற வரிசை எல்லா இடங்களிலும் கடைப்பிடிக்கப்பட்டால், இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி தேவைப்படாது. நடைமுறையில் இரவு இரண்டு மணிக்கு எக்கோ செய்யத் தெரிந்தவர் இருப்பதைவிட, சி.டி. இயங்கிக்கொண்டிருப்பதே பல ஊர்களில் எளிது. அனுப்பப்பட்டவரின் படத்தில் இருப்பதைப் படிக்க வேண்டிய கடமை அப்போது எழுகிறது.

படித்ததைச் சொல்வதற்கும் முறை உண்டு. "கல்லீரல் சிரைகளில் சாயப் பின்னோட்டம் காணப்படுகிறது" என்று அறிக்கையின் ஒன்பதாம் வரியில் எழுதுவது சொல்வதாகாது. அனுப்பிய மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, இதயம் தள்ளவில்லை, உறைகட்டி இல்லை, இதய உறையில் நீர் இல்லை, இரத்த இழப்பின் அடையாளம் இல்லை, உடனே எக்கோ பாருங்கள், வீட்டில் யாருக்கு என்னென்ன மாத்திரைகள் இருக்கின்றன என்று கேளுங்கள் என்று சொல்ல வேண்டும். நோயாளியின் மாத்திரைகளைவிடத் தாத்தாவின் இரத்த அழுத்த மாத்திரைகள்தான் பல வேளைகளில் விடையாக இருக்கும். குழந்தைகள் தவறுதலாக விழுங்கிய நேர்வுகளில் இது இன்னும் உண்மை.

இத்துறையில் சான்று இன்னும் மெலிவாகவே இருக்கிறது. தேங்கிய சாயம் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி தனித்தனி நோயாளிகளின் கதைகள். மருந்து நஞ்சை மட்டும் தனியே பிரித்து எழுதப்பட்டவை அதிலும் சொற்பம். மோசமான முடிவுகளே அச்சேறுவதால், மட்டக்கோடு தெரிந்தவர்களில் எத்தனை பேர் பிழைக்க முடியும் என்பதைக் கதைகளைக் கொண்டு கணிக்க இயலாது. செய்ய வேண்டிய ஆய்வு பெரும் செலவு கேட்பதும் அன்று. நஞ்சு உட்கொண்டு வந்து எக்காரணத்துக்காகவோ சாயத்துடன் சி.டி. எடுக்கப்பட்டவர்களின் படங்களைத் திரும்ப எடுத்து, கண்காணிப்புப் படங்களில் சாயம் வந்த விநாடியைக் குறித்து, அதே நாளின் எக்கோவோடும் பின்னால் உறுதியான மருந்தின் பெயரோடும் ஒப்பிட வேண்டும். தேவையான படங்கள் மருத்துவமனைகளின் கணினிகளில் ஏற்கெனவே கிடக்கின்றன. அவற்றில் அந்த விநாடிகளும் பதிவாகியிருக்கின்றன.